கொலையே நடக்காத கொலை வழக்கா? டாட் வில்லிங்ஹாம் மரண தண்டனையின் பின்னணி

அரிக்கேன் விளக்கு எரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். விளக்கு எரியும்போது ஈரக் கையால் சிம்னியைத் தொடக்கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், 'டிக்'கென்று ஒரு சத்தம் கேட்கும், கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடிவிடும். எங்கள் பாட்டி இதற்காக எத்தனையோ தடவை என் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். சூடான கண்ணாடி திடீரென்று குளிர்ந்தால் விரியும், அவ்வளவுதான். இதைச் சொல்ல யாரும் இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை.

1991 டிசம்பர் கடைசியில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கோர்சிகானா என்ற சின்ன ஊரில், எரிந்துபோன ஒரு மர வீட்டுக்குள் நுழைந்த விசாரணை அதிகாரிகள் இதே மாதிரி விரிசல் ஓடிய ஜன்னல் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் வேறு. தீ சாதாரணமாக எரியவில்லை, கண்ணாடி அளவுக்கு மீறி வேகமாகச் சூடாகியிருக்கிறது, அப்படியானால் யாரோ எரிபொருளை ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. தீயணைப்பு வண்டிகள் அந்த ஜன்னல்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்திருந்தன என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கண்ணாடியும் அதைப் போன்ற இன்னும் 20-க்கு மேற்பட்ட அடையாளங்களும் சேர்ந்துதான் 24 வயது இளைஞன் ஒருவனை மரண தண்டனைக் கொட்டடிக்கு அனுப்பின. 12 வருடம் கழித்து அவர் விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் பெயர் கேமரன் டாட் வில்லிங்ஹாம். நவீன அமெரிக்காவில் ஒரு நிரபராதிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டிருக்கிறதா என்று யாராவது கேட்டால், முதலில் வந்து நிற்கும் பெயர்களில் ஒன்று இவருடையது. ஆனால் இந்த வழக்கை "தப்பான ஆளைப் பிடித்துவிட்டார்கள்" என்ற வகையில் சேர்க்க முடியாது. வழக்கமாக ஒரு கொலை நடந்திருக்கும், கொன்றது யார் என்பதில் தவறு நடந்திருக்கும். இங்கே கேள்வி அதற்கும் ஒரு படி முன்னால் இருக்கிறது. கொலை என்று ஒன்று நடந்ததா? இந்த ஒரு கேள்வியை யாரும் சரியாகக் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு இந்த வழக்கில் மனசை விட்டு அகலாத விஷயம்.

சரி, அன்று என்ன நடந்தது என்று பார்ப்போம். 1991 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. வில்லிங்ஹாம் வேலையில்லாத மோட்டார் மெக்கானிக். மனைவி காலையிலேயே குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்க சால்வேஷன் ஆர்மிக்குப் போய்விட்டார், அதாவது இல்லாதவர்களுக்கு உதவிப் பொருள் தரும் இடத்துக்கு. குடும்பம் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இது போதும். வீட்டில் அப்பாவும் மூன்று பெண் குழந்தைகளும். மூத்தவளுக்கு 2 வயது, இரட்டையர்களுக்கு ஒரு வயது. "டாடி, டாடி" என்று மூத்தவள் கத்திய சத்தத்தில்தான் விழித்தேன், வீடு முழுக்கப் புகை, இரட்டையர்கள் இருந்த அறைக்குப் போய்த் தடவித் தடவித் தேடினேன், தலைமுடியில் தீப்பிடித்தது, யாரும் கைக்குத் தட்டுப்படவில்லை, வெளியே ஓடினேன் என்பது அவர் சொன்னது.

வெளியே வந்தவர் ஒரு கம்பால் ஜன்னலை உடைத்தார், உள்ளேயிருந்து தீ சீறி வெளியே வந்தது. என் குழந்தைகள் எரிகிறார்கள் என்று அவர் அலறியதை அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்த பிறகு மறுபடி உள்ளே ஓடப் பார்த்தவரை இழுத்துப் பிடித்து, கையில் விலங்கு மாட்டி உட்கார வைக்க வேண்டியிருந்தது என்று காவல் துறையின் பாதிரியார் முதலில் சொன்னார். மூத்தவளை ஒரு வீரர் வெளியே தூக்கி வந்தார், பிழைக்கவில்லை. இரட்டையர்கள் அறையிலேயே இறந்து கிடந்தார்கள். மூன்று பேருமே புகையைச் சுவாசித்துத்தான் இறந்தார்கள் என்றது பிரேதப் பரிசோதனை. ஊர்க்காரர்கள் பணம் வசூல் பண்ணி அடக்கச் செலவுக்குக் கொடுத்தார்கள்.

சில நாளுக்குள் எல்லாம் தலைகீழாக மாறியது. ஊர்த் தீயணைப்புத் துறையின் துணைத் தலைவர் டக்ளஸ் ஃபாக், மாநிலத் தீ விசாரணை அதிகாரி மானுவேல் வாஸ்கெஸ் இருவரும் வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். தரையில் ஆழமாகக் கருகிய திட்டுகள், ஏதோ திரவம் கொட்டிப் பரவிய குட்டை மாதிரி வடிவம். சுவரில் 'வி' வடிவக் கரி, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில். வாசலில் அலுமினியப் படிச்சட்டத்துக்கு அடியில் இருந்த மரமும் கருகியிருந்தது. சிமென்ட் திண்ணையில் பழுப்பு வளையங்கள். அப்புறம் அந்தக் கண்ணாடி. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, குழந்தைகள் அறையிலும் நடைபாதையிலும் வாசலிலும் எரிபொருளை ஊற்றி மூன்று இடத்தில் தனித்தனியாகத் தீ வைத்திருக்கிறார்கள் என்று முடிவு சொன்னார்கள். தீ ஒரு கதை சொல்கிறது, நான் அதை மொழிபெயர்த்துச் சொல்பவன் மட்டும்தான் என்ற பொருளில் வாஸ்கெஸ் நீதிமன்றத்தில் பேசினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட தீ விபத்துகளைப் பார்த்தவர், அவற்றில் பெரும்பாலானவை வைத்த தீ என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கே யாரையாவது உறுத்தியிருக்க வேண்டும்.

அது தீ வைப்பு என்று முடிவானால் வீட்டில் இருந்த பெரியவர் ஒருவர்தான். வேறு யாரையும் தேட வேண்டிய தேவையே இல்லை. 1992 ஜனவரி 8-ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள்.

இங்கிருந்துதான் எனக்கு மனசு கனக்கிறது. தீ வைப்பு என்ற செய்தி பரவிய பிறகு, அதே காட்சியைப் பார்த்த அதே மனிதர்களின் நினைவு மாறத் தொடங்கியது. பதறித் துடித்தார் என்று முதலில் சொன்ன அண்டை வீட்டார், வண்டிகள் வந்த பிறகுதான் பதற்றத்தைக் காட்டினார் என்று பிறகு சொன்னார்கள். விலங்கு மாட்டித் தடுத்ததாகச் சொன்ன பாதிரியார், யோசித்துப் பார்த்தால் அந்தத் துயரம் நடிப்பு மாதிரி இருந்தது என்ற அளவுக்கு வந்துவிட்டார். வீட்டு முன்னால் நின்ற காரை அவர் தள்ளி நிறுத்தியதும் ஒரு குற்றமானது. வெடித்துவிடும் என்று பயந்தாரா, குழந்தைகளை விடக் கார் பெரிதா என்று கேட்டார்கள். பின்வாசலை அடைத்தபடி ஃபிரிட்ஜ் இருந்தது, குழந்தைகள் தப்பிக்காமல் இருக்க நகர்த்தி வைத்தார் என்றார்கள். சின்ன சமையலறை, இரண்டு ஃபிரிட்ஜ், ஒன்று கதவை ஒட்டி நின்றது. அதற்கும் தீக்கும் சம்பந்தமில்லை என்று விசாரித்தவர்களே பிற்பாடு ஒத்துக்கொண்டார்கள்.

யாரும் வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒருவன் கொலைகாரன் என்று நம்பிய பிறகு அவன் அழுகை வேறு மாதிரிதான் காதில் விழும். நம்மில் யாருக்கும் இது நடக்கும். அதனால்தான் சாட்சிகளின் மனப்பதிவை விடத் தடயம் முக்கியம் என்கிறோம். இங்கே அந்தத் தடயமே ஆட்டம் கண்டிருந்தது.

டெக்சாஸ் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்தது புரியாது. அங்கே எல்லாக் கொலைக்கும் மரண தண்டனை கிடையாது. போலீஸ்காரரைக் கொல்வது, கொள்ளையடிக்கும்போது கொல்வது, ஒரே சம்பவத்தில் ஒருவருக்கு மேல் கொல்வது என்று சட்டம் தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறது. அந்த வகைக் கொலைக்கு மட்டும்தான் மரண தண்டனை கேட்க முடியும். விசாரணை இரண்டு கட்டமாக நடக்கும். குற்றவாளியா இல்லையா என்று முதலில் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழு, தீர்மானிக்கும். பிறகு அதே ஜூரி, இந்த ஆள் வருங்காலத்திலும் சமூகத்துக்கு ஆபத்தாக இருப்பாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆபத்து என்று சொன்னால் சாவை நோக்கிய கதவு திறந்துவிடும். நடந்ததற்கு அல்ல, நடக்கப் போவதற்குச் சாட்சி கேட்கிற சட்டம் இது.

1992 ஆகஸ்டில் விசாரணை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் மரண தண்டனை கேட்க மாட்டோம், ஆயுள் தண்டனையோடு முடித்துக்கொள்ளலாம் என்று அரசுத் தரப்பு முன்னாலேயே பேரம் பேசியது. அவருடைய வழக்கறிஞர்களும் ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், அதுவும் என் சொந்தப் பிள்ளைகளைக் கொன்றேன் என்று சொல்லவே மாட்டேன் என்று நின்றார். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கையெழுத்து போதும் என்ற நிலையில் அவர் அதைப் போடவில்லை என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சாட்சி விசாரணை இரண்டே நாளில் முடிந்தது. ஜூரி ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் கலந்து பேசியது. எதிர்த்தரப்பில் ஒரு தீ நிபுணர் கூடக் கூண்டில் ஏறவில்லை. தேடிப் பிடித்தவரும் இது தீ வைப்புதான் என்றே சொல்லிவிட்டார், ஏனென்றால் அவரும் அதே பழைய பாடத்தைப் படித்தவர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்துபோன ஒரு பெண் மட்டும் அவர் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை என்றார்.

அரசுத் தரப்பின் இன்னொரு தூண் ஜானி வெப். உள்ளூர்ச் சிறையில் இருந்த போதைப் பழக்கக் கைதி. எந்த நெருங்கிய பழக்கமும் இல்லாத தன்னிடம், சிறைக் கதவு இடுக்கு வழியாக வில்லிங்ஹாம் கொலையை ஒப்புக்கொண்டதாகச் சாட்சி சொன்னார். மனைவி ஒரு குழந்தையைக் காயப்படுத்தியதை மறைக்கத்தான் தீ வைத்தேன் என்றாராம். பிரேதப் பரிசோதனையில் அப்படி எந்தக் காயமும் இல்லை. பிற்காலத்தில் வெப் தன் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றார். 2000-லேயே, அதாவது தண்டனை நிறைவேறுவதற்கு நாலு வருடம் முன்பே, வில்லிங்ஹாம் நிரபராதி என்று எழுதி அரசுத் தரப்புக்கு அனுப்பினார். அது வில்லிங்ஹாமின் வழக்கறிஞர் கைக்குப் போகவில்லை. தனக்கு மறைமுகமாகச் சலுகை கிடைத்தது என்றும் வெப் பிறகு சொன்னார். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் ஜான் ஜாக்சன் அதை மறுத்தார். இது தொடர்பாக டெக்சாஸ் வழக்கறிஞர் சங்கம் அவர் மேல் தொடுத்த ஒழுங்கு நடவடிக்கை வழக்கில் 2017-ல் ஜூரி அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கொலைக்குக் காரணம் என்ன? பிள்ளைகள் அவருடைய ஜாலியான வாழ்க்கைக்குத் தடையாக இருந்தார்கள், பீர் குடிப்பதும் டார்ட் எறிவதும்தான் அவருக்கு முக்கியம் என்றார்கள். இன்சூரன்ஸ் பணம் என்றும் பேச்சு வந்தது. மூன்று குழந்தைக்கும் சேர்த்து 15,000 டாலர்தான், அதுவும் முதலில் போய்ச் சேர வேண்டியது பாலிசிக்குப் பணம் கட்டிய மனைவியின் தாத்தாவுக்கு.

தண்டனைக் கட்டத்தில் அவர் வீட்டுச் சுவரில் இருந்த ஹெவி மெட்டல் இசைக்குழுவின் மண்டையோட்டுப் போஸ்டரை எடுத்துக் காட்டி, இது சாவின் மேல் மோகம் கொண்டவன் அடையாளம் என்கிற மாதிரி ஒரு ஆலோசகரைப் பேசவைத்தார்கள். கையில் குத்தியிருந்த மண்டையோடும் பாம்பும் கூட ஆதாரமானது. ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர் வந்தார். எத்தனையோ மரண தண்டனை வழக்குகளில் அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்லி 'டாக்டர் டெத்' என்றே பெயர் வாங்கியவர். வில்லிங்ஹாமை ஒரு தடவை கூட உட்கார வைத்துப் பேசிப் பார்க்கவில்லை, ஆனாலும் இவர் திருத்தவே முடியாத கடுமையான சமூக விரோத மனநிலை கொண்டவர், வெளியே விட்டால் மறுபடி செய்வார் என்றார். ஆளைப் பரிசோதிக்காமலேயே இப்படி உறுதியாகச் சொல்வது மருத்துவ ஒழுக்கமே இல்லை என்று சொல்லி, 1995-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் கிரிக்சனை வெளியேற்றியது. வில்லிங்ஹாமுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

அவர் நல்ல மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. மனைவியை அடித்திருக்கிறார், கர்ப்பமாக இருந்தபோதும் அடித்திருக்கிறார். சின்னச் சின்னத் திருட்டு வழக்குகள் இருந்தன. அந்தப் பெண்ணின் கோபத்துக்கு எல்லா நியாயமும் உண்டு. விசாரணையின்போது, குழந்தைகளை அவர் ஒருபோதும் தொடமாட்டார் என்று சொன்ன மனைவி, பின்னாளில் அவர்தான் செய்தார் என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் மனைவியை அடித்ததற்கான தண்டனையாக யாரும் இந்தச் சாவைக் கொடுக்கவில்லை. மூன்று பேரைக் கொன்றதற்கு என்று எழுதித்தான் கொடுத்தார்கள்.

இப்போது தீக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு அறையில் சோபாவில் தீப்பிடிக்கிறது என்று வையுங்கள். சூடான புகை மேலே போய்க் கூரைக்கு அடியில் ஒரு படலமாகச் சேரும். சேரச் சேரக் கீழே இறங்கும், சூடு ஏறும். ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வரும்போது, அந்தப் படலம் கீழ்நோக்கி வீசும் அனலிலேயே அறையில் இருக்கும் நாற்காலி, படுக்கை, தரைவிரிப்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். இதற்கு ஃபிளாஷ்ஓவர் என்று பெயர். அதுவரை அறையில் ஏதோ ஒன்று எரிந்தது, அதற்கு அப்புறம் அறையே எரிகிறது. அந்த நிலைக்குப் பிறகு தரையும் ஆழமாகக் கருகும், காற்று நுழையும் இடங்களில் திட்டுத் திட்டாகக் கருகும், கதவு ஓரத்திலும் ஜன்னலுக்குக் கீழும் 'வி' வடிவங்கள் விழும். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கூட ஊற்றியிருக்க வேண்டாம்.

பழைய கால விசாரணை அதிகாரிகளுக்கு இது தெரியாது. தீ மேல்நோக்கித்தான் எரியும், தரை கருகினால் யாரோ திரவம் ஊற்றியிருக்கிறார்கள் என்பது குருவிடம் சீடன் கற்றுக்கொண்டதாக வழிவழியாக வந்த பாடம். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. 1990-ல் புளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் ஒரு வீடு எரிந்து இரண்டு பெண்களும் நான்கு குழந்தைகளும் இறந்தார்கள். தப்பித்த கணவர் மேல் சந்தேகம். மரண தண்டனை கேட்கத் தயாராக இருந்த அரசுத் தரப்பு, தன் வழக்கை உறுதிப்படுத்திக்கொள்ளவே ஜான் லென்டினி என்ற நிபுணரை அழைத்தது. பக்கத்திலேயே அச்சு அசலாக அதே மாதிரி ஒரு காலி வீடு இருந்தது. அதே வகைத் தரைவிரிப்பு, திரைச்சீலை, சோபா எல்லாம் வாங்கிப் போட்டு, சோபாவில் மட்டும் தீ வைத்துப் பார்த்தார்கள். எரிபொருள் எதுவும் ஊற்றவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் ஃபிளாஷ்ஓவர் வந்தது. நடைபாதையில் போய்ப் பார்த்தால் 'ஊற்றிய எரிபொருளின் குட்டை வடிவம்' தரையில் கிடக்கிறது. வழக்கு கைவிடப்பட்டது. லென்டினிக்கே அதுவரை இருந்த நம்பிக்கை அன்றோடு உடைந்தது. அந்தச் சோதனை நடந்தது 1991-ல், கோர்சிகானா வீடு எரிவதற்குச் சில மாதம் முன்னால்.

அதே 1991-ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பெரிய காட்டுத்தீ வந்து ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. யாரும் எரிபொருள் ஊற்றாத அந்த வீடுகளை லென்டினி குழு போய் ஆராய்ந்தபோது, பலவற்றில் விரிசல் வலை ஓடிய கண்ணாடி கிடந்தது. பிறகு சோதனைச் சாலையில் கண்ணாடியைச் சூடாக்கித் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். சீக்கிரம் சூடாக்கினால் அந்த வலை வரவில்லை, திடீரென்று குளிரவைத்தால் வந்தது. எங்கள் பாட்டி சொன்னதுதான்.

1992-ல், அதாவது வில்லிங்ஹாம் விசாரிக்கப்பட்ட அதே வருடம், தீ விசாரணைக்கான முதல் அறிவியல் வழிகாட்டி நூலை அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்டது. அது நடைமுறைக்குப் பரவ வருடக்கணக்கானது. பழைய அதிகாரிகள் நாங்கள் 20 வருடம் செய்தது தப்பா என்று அதை எதிர்த்தார்கள்.

சிறையில் கடித நண்பராகப் பழகிய ஒருவர்தான் முதலில் இந்த வழக்கைத் தோண்டிப் பார்த்தார். ஹூஸ்டனைச் சேர்ந்த ஆசிரியையும் நாடக ஆசிரியருமான எலிசபெத் கில்பர்ட், 1999-ல் சும்மா ஒரு கைதிக்குக் கடிதம் எழுத ஒப்புக்கொண்டார். அப்படி வந்த பெயர் வில்லிங்ஹாம். நிரபராதி என்று எல்லாக் கைதியும்தான் சொல்வார்கள் என்ற எண்ணத்தோடுதான் போனார். பிறகு நீதிமன்ற ஆவணங்களை எடுத்து உட்கார்ந்து படித்தார், கோர்சிகானாவுக்குப் போய் ஆட்களைப் பார்த்தார், சாட்சிகளின் முதல் வாக்குமூலத்துக்கும் பிந்திய வாக்குமூலத்துக்கும் இருந்த வித்தியாசத்தைக் கவனித்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு யாரோ செய்திருக்க வேண்டிய வேலை அது. தண்டனை நாள் நெருங்கும்போது ஒரு கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தார், கடைசி நாளில் அவரோடு இருக்க முடியவில்லை.

2004 ஜனவரியில், சொந்தக்காரர்களின் முயற்சியால் கோப்பு ஆஸ்டினில் இருந்த ஜெரால்டு ஹர்ஸ்ட் கைக்குப் போனது. கேம்பிரிட்ஜில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், வெடிபொருள் ஆராய்ச்சியில் இருந்தவர், இந்த மாதிரி வழக்குகளைக் காசு வாங்காமல் பார்த்துக் கொடுப்பார். அவர் 20-க்கு மேற்பட்ட அந்த அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணாடி, தண்ணீரால் விரிந்தது. தரைத் திட்டு, ஃபிளாஷ்ஓவர். அலுமினியச் சட்டத்தின் அடியில் கருகியதா, மரம் எரிந்தாலும் பெட்ரோல் எரிந்தாலும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று இடத்தில் தீயா, இல்லை, கருகல் தொடர்ச்சியாக இருக்கிறது, ஒரே தீதான். ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகளில் வாசலுக்குப் பக்கத்தில் எடுத்த ஒன்றில் மட்டும்தான் எரிதிரவம் இருந்தது. தீக்கு முன் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்தார். அதே வாசல் திண்ணையில் இறைச்சி சுடும் கரி அடுப்பு நிற்கிறது. கரியைப் பற்றவைக்க ஊற்றும் திரவ டப்பாவும் அங்கேதான் இருந்தது. தீயில் அதுவும் எரிந்து, அடித்த தண்ணீரில் பரவியிருக்கிறது.

வெறுங்காலோடு நடைபாதையில் ஓடி வந்தவருக்குக் காலில் ஏன் தீக்காயம் இல்லை என்பது அரசுத் தரப்பின் பெரிய கேள்வி. ஃபிளாஷ்ஓவருக்கு முன்னால் அனல் எல்லாம் மேலே இருக்கும், தரை எரியாது. அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது.

ஹர்ஸ்ட் இரவு பகலாக எழுதினார், எழுத்துப் பிழை திருத்தக்கூட நேரமில்லாமல் அறிக்கையை அனுப்பினார். டெக்சாஸில் கருணை மனுவை முதலில் பார்ப்பது மன்னிப்பு மற்றும் பரோல் வாரியம். உறுப்பினர்கள் ஒன்றாகக் கூடிப் பேச வேண்டும் என்று கூட இல்லை, அப்போது அவரவர் இடத்திலிருந்து பேக்ஸில் ஓட்டுப் போட்டாலே போதுமானதாக இருந்தது. பிப்ரவரி 13-ஆம் தேதி ஒருமனதாக நிராகரித்தார்கள். வாரியம் பரிந்துரைக்காமல் ஆளுநரால் தண்டனையைக் குறைக்க முடியாது, ஆனால் 30 நாள் தள்ளிவைக்க முடியும். அங்கே ஆளுநர் என்பவர் நம் ஊர் மாதிரி நியமிக்கப்படுபவர் இல்லை, மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். அப்போது ரிக் பெர்ரி. அறிக்கை அவர் அலுவலகத்துக்கும் போனது. அவர் தள்ளிவைக்கவில்லை. பிற்காலத்தில் தகவல் கேட்டு அந்த ஆவணங்களை வாங்கிப் பார்த்தபோது, யாராவது இந்த அறிக்கையை எடுத்துப் பரிசீலித்தார்கள் என்பதற்கு ஒரு குறிப்புக்கூட இல்லை.

2004 பிப்ரவரி 17 மாலை, ஹன்ட்ஸ்வில் சிறையில் விஷ ஊசி. நான் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட நிரபராதி, 12 வருடமாக இதற்காக வதைக்கப்படுகிறேன் என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னவற்றில் முதலில் வந்தது. பிறகு, பார்க்க வந்திருந்த முன்னாள் மனைவியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அதையும் மறைக்கத் தேவையில்லை. அவருக்கு வயது 36.

அதே வருடம் அக்டோபரில் எர்னஸ்ட் வில்லிஸ் என்பவர் டெக்சாஸ் மரண தண்டனைக் கொட்டடியிலிருந்து நடந்து வெளியே வந்தார். 1986-ல் வேறொரு டெக்சாஸ் ஊரில் எரிந்த வீடு, இரண்டு பெண்கள் மரணம், அதே தரைத் திட்டு, அதே வாதம், 17 வருடச் சிறை. அவர் வழக்கில் புதிதாக வந்த அரசு வழக்கறிஞர் நிபுணர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். அதில் ஒருவர் ஹர்ஸ்ட். அதே அறிவியல், அதே ஆள், அதே மாநிலம், அதே வருடம். வித்தியாசம் என்னவென்றால் அங்கே ஒருவர் கேட்டார்.

2005-ல் டெக்சாஸ் தடயவியல் ஆணையம் ஒன்றை உருவாக்கியது. அது இந்த வழக்கை ஆராய கிரெய்க் பெய்லர் என்ற நிபுணரை அமர்த்தியது. 2009 ஆகஸ்டில் வந்த அவர் அறிக்கை, தீ வைப்பு என்ற முடிவுக்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை, வாஸ்கெஸின் முறை அறிவைவிடக் குறி சொல்பவர்களின் முறைக்கு நெருக்கமாக இருக்கிறது என்கிற அளவுக்குப் போனது. அக்டோபர் 2-ஆம் தேதி பெய்லர் ஆணையத்தின் முன் வந்து விளக்க வேண்டும். இரண்டு நாள் முன்னால் பெர்ரி ஆணையத் தலைவர் உட்பட மூன்று பேரை மாற்றினார். கூட்டம் ரத்தானது. பதவிக்காலம் முடிந்தது, வழக்கமான மாற்றம்தான் என்றார் பெர்ரி, வில்லிங்ஹாம் ஒரு அரக்கன் என்றும் சொன்னார். அந்த மாற்றத்தை வழக்கமானது என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆணையம் 2011-ல் தீ விசாரணை முறைகளைத் திருத்தப் பரிந்துரைகள் கொடுத்தது. ஆனால் பழைய வழக்கில் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் சொன்னதோடு நின்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் தீ வைக்கவில்லை என்று இந்த நிபுணர்கள் நிரூபிக்கவில்லை. தீ எப்படி ஆரம்பித்தது என்பது தீர்மானிக்க முடியாதது என்பதே முடிவு. மின் வயரோ, அறையில் இருந்த ஹீட்டரோ, குழந்தை விளையாட்டோ எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் குற்றவியல் சட்டத்தில் நிரூபிக்க வேண்டியது அரசின் வேலை. குற்றம் நடந்தது என்பதற்கே ஆதாரம் போய்விட்ட பிறகு, மிச்சம் இருந்தது ஒரு போஸ்டரும், ஒரு கைதியின் பேச்சும், நினைவு மாறிய சாட்சிகளும்தான்.

2013-ல் டெக்சாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தண்டனைக்கு அடிப்படையான அறிவியல் பிற்காலத்தில் தவறென்று தெரிந்தால் தண்டிக்கப்பட்டவர் மறுபடி நீதிமன்றம் போகலாம். நல்ல சட்டம், அமெரிக்காவில் முதலில் வந்தவற்றில் ஒன்று. மாநிலத் தீ விசாரணை அலுவலகமே பழைய வழக்குகளை எடுத்து மறுஆய்வு செய்யத் தொடங்கியது. ஆனால் சட்டம் இருப்பது வேறு, நேரத்தில் கேட்கப்படுவது வேறு. தன் இரண்டு வயது மகளை உலுக்கிக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ராபர்ட் ராபர்சன் வழக்கிலும் மருத்துவ அறிவியல் மாறிவிட்டது என்ற வாதம் இருக்கிறது. அவருக்கு 2024 அக்டோபர் 17-ஆம் தேதி குறிக்கப்பட்ட தண்டனை அன்று இரவுதான், சட்டமன்ற உறுப்பினர்கள் தலையிட்டதால், நின்றது. வில்லிங்ஹாம் குடும்பம் மரணத்துக்குப் பிந்தைய மன்னிப்புக் கேட்டுக் கொடுத்த மனுவை 2014-ல் அதே வாரியம் மறுத்துவிட்டது. டெக்சாஸ் ஆவணத்தில் அவர் இன்றும் மூன்று குழந்தைகளைக் கொன்றவர்தான்.

2004 டிசம்பரில் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை, வழக்கின் அறிவியல் பொய்யாகிவிட்டது என்று விரிவாக எழுதியது. அதற்காக அவர்கள் பழைய ஜூரி உறுப்பினர் ஒருவரிடமும் போய்ப் பேசினார்கள். 1992-ல் ஒரு மணி நேரத்தில் முடிவெடுத்தவர்களில் அவரும் ஒருவர். நிபுணர்கள் சொன்னதைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, தண்டனையை நிறைவேற்றுவதற்கு முன்னாலேயே இது யாருக்காவது தெரியுமா என்பது. தெரிந்திருந்தது. ஹர்ஸ்ட் எழுதிய அறிக்கை வாரியத்துக்கும் ஆளுநர் அலுவலகத்துக்கும் வில்லிங்ஹாம் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருந்தது.